மேல்கையில் நான்கு விரல்கள்

மார்ச் 11, திங்கள்
சுவா நகரில் விடாத மழை. பிணவறைக் குளிர்பெட்டி மறுபடி மக்கர் செய்கிறது. ஒரே ஒரு உடல் – முதியவர், மாரடைப்பு.

மார்ச் 13
கண்டாவுத் தீவிலிருந்து ஓர் உடல். அபகூகி, முப்பது வயதிருக்கும். அண்ணன் இசிமேலியோடு ஈட்டியால் மீன் குத்த கடலில் முங்கப் போனவன். அண்ணன் மட்டும் திரும்பினான். மறுநாள்தான் பவளப்பாறை ஓரம் இவன் கிடைத்தான். முகமெல்லாம் கருநீலம். காது கிழிந்திருக்கிறது, இமைகள் இல்லை. படகு இயந்திரத்துக்காக இருவரும் சண்டை போட்டதை ஊரே கேட்டிருக்கிறது. அடித்துக் கொன்றுவிட்டான் என்று பேச்சு. இசிமேலி காவலில். அபகூகியின் மனைவி லூசியானா இசிமேலியின் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறாளாம் – போலீஸ் கார்ப்பரல் நைம்புகா சொன்னார்.

மார்ச் 14
அறுத்துப் பார்த்தேன். கருநீலம் அடியால் வந்ததல்ல. குப்புற மிதந்ததில் ரத்தம் இறங்கித் தங்கியது. காதும் இமையும் நண்டு, மீன் வேலை. ஓரங்களில் ரத்தக்கசிவே இல்லை, செத்தபின் கடித்தவை.
ஆனால் இடது மேல்கை. கீறியதும் சதைக்குள் ரத்தம் பரவியிருந்தது. நான்கு விரல், எதிர்ப்புறம் ஒரு கட்டைவிரல். உயிர் இருக்கும்போது யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.
தம்பியைத் தொடவே இல்லை என்று இசிமேலி வாக்குமூலம் கொடுத்திருக்கிறான்.
இதயம் அளவுக்கு மீறிக் கனம். துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 15
விரல் தடத்தை நைம்புகாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?
“இது போதும் டாக்டர். ஆளு மாட்டிக்கிட்டான்.”
எதற்காகப் பிடித்தான் என்பது என் கத்திக்குத் தெரியாது என்றேன். அமுக்கவும் பிடிக்கலாம், தூக்கவும் பிடிக்கலாம். கேட்டுப் பாருங்கள் என்றேன்.

மார்ச் 18
இசிமேலி பேசிவிட்டான். தண்ணீருக்கடியில் தம்பி சட்டென்று துவண்டு கீழே போயிருக்கிறான். இவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். பாதியில் மூச்சு முட்டிவிட்டது.
“மேல வந்து மூச்சு வாங்கிட்டுத் திரும்ப முங்கினேன். அவன் இல்ல. கைய விட்டுட்டேன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?”
நைம்புகா இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.
பிடித்தபோது உயிர் இருந்தது. அதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 9
ஆய்வக முடிவு வந்தது. இதயத் தசை தடித்து, இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. பிறவிக் கோளாறு; உடம்பு கடுமையாக உழைக்கும்போது துடிப்பு தடுமாறி நின்றுவிடும். இயற்கை மரணம் என்று எழுதினேன். இசிமேலியை விட்டுவிட்டார்கள்.
அவனையும் தாய் வதிசேவாவையும் வரச் சொல்லியிருந்தேன். இது குடும்பத்தில் ஓடும், எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.
“நான் விடாம இருந்திருந்தா?”
“அநேகமா பிழைச்சிருக்க மாட்டாம்ப்பா.”
“அநேகமாவா?”
மாற்றிச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

ஏப்ரல் 10
எழுத ஒன்றுமில்லை.

மே 22
இதயப் பிரிவுக்குப் போயிருந்தேன். இசிமேலிக்கும் அதே தடிப்புதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இனி முங்கக் கூடாது. இன்று அபகூகியின் பிள்ளைகளுக்குப் பரிசோதனை. வதிசேவா எல்லோரையும் கப்பலில் கூட்டி வந்திருந்தார். இசிமேலி பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். மூத்தவனோடு உள்ளே வரச் சொல்லி லூசியானாவைக் கூப்பிட்டார்கள். அவள் சுற்றிப் பார்த்தாள். பிறகு நேரே போய் அவன் மடியில் கைக்குழந்தையைக் கிடத்தினாள்.
“இப்பதான் தூங்கினா. எழுப்பிடாதீங்க.”
அவள் திரும்பி வரும்வரை அவன் அசையவே இல்லை.