அப்பா பட்டனை அமுக்கிய இடம்

ஆவடி
9.7.1988

அன்பு மகன் பரந்தாமனுக்கு அம்மா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து லீவில் வந்த சின்னசாமியிடம் நீ கொடுத்தனுப்பிய சோப்பு, பேரீச்சம்பழம், பேசி அனுப்பிய கேசட் எல்லாம் வந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளை ஒரு வாய் காபி குடித்துவிட்டு செய்யாறுக்குப் போய்விட்டான். பின்னால் நடந்த கூத்துக்கு அவன் பொறுப்பில்லை, உன் இங்கிலீஷ்தான் பொறுப்பு. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி.

எதிர் வீட்டு ஹில்டா டீச்சர் வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது தன் டேப்ரிக்கார்டரை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை மேஜைமேல் வைத்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நீ ரூமைப் பற்றிச் சொன்னாய், சாம்பார் பொடி தீர்ந்துபோனதைச் சொன்னாய், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, அப்பா, ஐ ஆம் ரிசைன்டு என்றாய். அவ்வளவுதான், அப்பா பட்டனை அமுக்கிவிட்டார். வேலையை விட்டுட்டான் உன் பிள்ளை என்றார். மீதியையும் கேளுங்கள் என்றேன். ரிசைன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா, பேக்டரியில் எத்தனை பேர் ராஜினாமாவுக்கு நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று கேசட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு உன்னைத் திட்டாத நேரமில்லை. ஆனால் திட்டிக்கொண்டே அவர் செய்ததைக் கேள். மறுநாளே லீவு போட்டுவிட்டு திருமழிசைக்குப் போய், லேத் பட்டறை வைத்திருக்கிறாரே அவருடைய பழைய சிநேகிதர் உலகநாதன், அவரிடம் பிள்ளை வருகிறான், வேலைக்கு ஒரு இடம் வை என்று சொல்லிவிட்டு வந்தார். வரும் வழியில் பூந்தமல்லியில் இறங்கி உனக்கென்று ஒரு மடக்குக் கட்டில் வாங்கி, அதை பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்ற கண்டக்டரோடு சண்டை போட்டு, கடைசியில் அவரும் கட்டிலும் ஒரு தண்ணீர் லாரியில் வந்து இறங்கினார்கள். பொறுப்பில்லாத பயல், தரையில் படுக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே முன்னறையில் அதைப் போட்டு, தானே படுத்துப் பார்த்தார்.

லாரியில் கட்டில் வந்தால் குவார்ட்டர்ஸ் சும்மா இருக்குமா. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா வந்து, இன்னா லோகு, புள்ள வேலைய உட்டுட்டு வந்துகினு கீறானாமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாயங்காலத்துக்குள் நீ சூப்பர்வைசரோடு வாக்குவாதம் செய்ததாக ஆனது, அடுத்த நாள் நெமிலிச்சேரி ரயிலில் வந்தவர்கள் நீ அவனைக் கன்னத்தில் அறைந்ததாகவே சொன்னார்கள். அப்பா முதலில் இல்லை இல்லை என்றார். அப்புறம் பார்த்தால், யாராவது நீ அறைந்ததைப் பற்றிக் கேட்டால் மறுக்காமல் மீசையைத் தடவிக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஹில்டா டீச்சர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, மிச்சத்தையும் போட்டுப் பார்க்கலாமே என்றார். டீச்சர் சொன்னால் அப்பா தட்டமாட்டார், சாவியைக் கொடுத்தார். பட்டனை அமுக்கியதும் உன் குரல், டு திஸ் லைஃப் என்றது. இந்த ஊரு எனக்குப் புடிக்கல, புடிக்கணும்னு நெனைக்கிறதையும் இப்ப உட்டுட்டேன், காலையில எழுந்து போறேன், வர்றேன், நீங்க கவலைப்படாதீங்க என்றாய். டீச்சர் கையைத் தட்டிச் சிரித்தார். ரிசைன் என்று நின்றால் வேலையை விடுவது, ரிசைன்டு பக்கத்தில் டு வந்தால் வேறே, மாற்றமுடியாத ஒன்றோடு இனி சண்டை போடுவதில்லை என்று மனதைச் சமாதானம் செய்துகொள்வது, நம் குழாயில் தண்ணீர் எப்போது வந்தாலும் பிடித்துக்கொள்கிறோமே அதுமாதிரி என்று விளக்கினார். அப்படியானால் இவருடைய குறட்டைக்கு நானும் கல்யாணமான நாளிலிருந்து ரிசைன்டுதான் என்றேன். ஒரு டுவுக்காகவா இந்தப் பாடு என்று அப்பா நம்பாமல் டீச்சர் வீட்டு டிக்ஷனரியைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு அர்த்தத்தையும் வாய்விட்டுப் படித்தார்.

வேலை போகவில்லை என்ற சந்தோஷத்தில் நான் கேசரி கிளறி கண்ணம்மா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். அப்பா தட்டைத் தொடவில்லை. என்ன என்று கேட்டேன். "வேலைய உட்டுட்டான்னு நெனைச்சப்பகூட எனக்கு இவ்ளோ கஷ்டமா இல்லடி, கோவம்தான் வந்துச்சு. இவன் ஆசைய உட்டுட்டு ஒக்காந்துகினு கீறான்" என்றார். நானும் என் கேசரியை மூடி வைத்துவிட்டேன். உலகநாதனிடம் போய் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், அவன் என்ன, பட்டறையைத் தூக்கிக்கொண்டா ஓடப்போகிறான் என்று எரிந்து விழுந்தார்.

ராஜா, உன்னை வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நீ அங்கே சம்பாதிப்பதை நம்பி இங்கே எதுவும் நின்றுகொண்டிருக்கவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள். எண்ணெய் தேய்த்துக் குளி. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். மனக்கஷ்டத்தைச் சொல்வதானால் தமிழில் சொல், அதில் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

பூந்தமல்லி அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நூறு வயசு இருப்பாய். சின்னசாமி திரும்பும்போது இந்தக் கடிதத்தோடு ஒரு கேசட்டும் வரும். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசியது. முழுக்கத் தொண்டையைக் கனைப்பதும் நாற்காலி நகர்வதும்தான் கேட்கும், பதிவாகவில்லையோ என்று அணைத்துவிடாதே. கடைசியில் மெதுவாக, புடிக்கலன்னா வந்துடுறா என்கிறார். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. லோகநாயகி