மூன்றை எட்டாக்கிய கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். நீயும் அப்படித்தான் இருக்கேன்னு போன்ல சொல்றே, அதை நான் பாதிதான் நம்பறேன், ஏன்னா போன வாரம் பேசினப்போ ரெண்டு தடவை போனைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு இருமினே, கேட்டா லைன்ல சத்தம்னே. இருமலுக்கும் லைனுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான். ஒழுங்கா டாக்டரைப் போய்ப் பாரு, பார்த்துட்டேன்னு சும்மா சொல்லாதே, என்ன மாத்திரை குடுத்தார்னு பேரைச் சொல்லு. இதை நான் போன்ல சொல்லாம உக்காந்து எழுதறதுக்குக் காரணம் இருக்கு. போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே நிப்பார், நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேப்பே, நான் பாதியை முழுங்கிடுவேன். இது வரிசையாச் சொல்ல வேண்டிய விஷயம், பொறுமையாப் படி.

ரெண்டு மாசம் முன்னாடி நீ கேட்டே இல்லையா, அம்மா, உங்க ஹேங்கர்லேர்ந்து ஒரு பழைய நெட்டை விமானத்தைச் சரக்கு விமானமா மாத்தி எங்க கம்பெனிக்கு அனுப்பறாங்களாம், நான்தான் அதுல ரெண்டாவது பைலட், மெஷின் நல்லதான்னு கொஞ்சம் பாரேன்னு. நீ விளையாட்டாத்தான் கேட்டே. இருபத்தாறு வருஷமா ரெக்கார்டு ரூம்ல உக்காந்திருக்கறவ கிட்ட அப்படி விளையாட்டாக் கேக்கக்கூடாது. மறுநாளே அதோட ரெக்கார்டுப் பெட்டிகளை ரேக்லேர்ந்து இறக்கச் சொல்லிட்டேன். அறுபத்து நாலு பெட்டி. நீ தினமும் ஓட்டற ரகத்து விமானத்தைப் பத்தி உனக்கு நான் சொல்றது வேடிக்கைதான், இருந்தாலும் அப்பா இன்ஸ்பெக்டரா இருந்தப்போ எனக்குச் சொல்லிக் குடுத்த வரிசையில சொன்னாத்தான் எனக்கு மேல ஓடும். முதல்ல வந்தது குட்டை. உள்ள ரெண்டு நடைபாதை, குறுக்கே எட்டு சீட்டு, இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு என்ஜின். பின்னாடி உடம்பை நீட்டணும்னு அப்பவே யோசிச்சு இறக்கையைத் தேவைக்கு மேலயே பெருசாப் பண்ணிட்டாங்களாம். ஆறு வருஷம் கழிச்சு இறக்கைக்கு முன்னால ஒரு துண்டு, பின்னால ஒரு துண்டு சேர்த்து நெட்டையாக்கினாங்க. அறுபது பேர் கூட உக்காரலாம்னு கம்பெனிகளுக்கெல்லாம் ஒரே குஷி, ஆனா வால் நீண்டு போனதால மூக்கை வெடுக்குன்னு தூக்கினா வால் ஓடுபாதையில உரசும், முதல் வருஷமே ரெண்டு விமானம் உரசிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் வயித்துல டேங்க் வச்சு தூரப் பயணத்துக்கு ஒண்ணு, கடைசியா ஜன்னலையெல்லாம் அடைச்சு, தரையைப் பலப்படுத்தி, இடது பக்கம் பெரிய கதவு வச்ச சரக்கு விமானம். அதுக்கு ஹேங்கர்ல கண்ணில்லாததுன்னு பேர், உனக்கே தெரியும். எனக்கு வேண்டியது இதுங்களோட கால். குட்டைக்கும் நெட்டைக்கும் சக்கரம் தாங்கற கால் வெளியே பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணுபோலவே இருக்கும், உள்ளே குழாயோட சுவர் மட்டும் நெட்டைக்குக் கெட்டி. ஏன்னா அது இறங்கும்போது எடை கூட. குட்டையோட கால் நம்பர் மூணுல முடியும், நெட்டையோடது எட்டுல முடியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ கேட்ட விமானம் பிறந்து இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. முதல் கம்பெனி கிட்ட பதினேழு வருஷம் ஆளுங்களை ஏத்திக்கிட்டு நல்ல பேரோட ஓடியிருக்கு. ரெண்டாவது கம்பெனிக்குப் போனதும், பதினோரு வருஷம் முன்னாடி, மழையில ஒரு தடவை தொப்புன்னு இறங்கி இடது கால்ல அடி. நம்ம ஹேங்கருக்குத்தான் வந்துச்சு, வேற கால் மாட்டி அனுப்பினாங்க. அப்புறம் மூணாவது கம்பெனி, அப்புறம் ரெண்டு வருஷம் ஒரு வறண்ட மைதானத்துல என்ஜின் வாயைக் கட்டிப் போட்டு நிறுத்தி வச்சிருந்தாங்க, நிறுத்தி வச்ச காலம் சேராதுன்னு காலைக் கழட்டிப் பார்க்கற தேதியையும் தள்ளிட்டாங்க. இதெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தேன். எல்லாப் பெட்டியிலயும் காகிதம் காகிதமா இருந்துச்சு, கிரீஸ் விரல், டீக் கறை, மடிச்ச மூலை. அந்தக் கால் மாத்தின காகிதம் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி சுத்தம். வேலை செஞ்சவன் தொட்ட காகிதம் அப்படி இருக்காது. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். கால் நம்பரோட கடைசி எட்டுல வலது பக்கம் தடிப்பாவும் இடது பக்கம் மெலிசாவும் மை. மூணை எழுதிட்டு அப்புறமா வாயை மூடின எட்டு. அதுக்குக் கீழே இன்ஸ்பெக்டர் முத்திரை. நாப்பத்தோராம் நம்பர். உங்க அப்பாவோடது.

நான் பெட்டியை மூடி அது மேலயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். அப்பா எட்டு போட்டா ரெண்டு வட்டத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவார், இது அவர் கை இல்லை. ஆனா முத்திரை அவரோடதுதானே. மெதுவா ஹேங்கருக்கு இறங்கிப் போய், இடது சக்கரத்துக்குக் கீழே வேலை பார்த்துக்கிட்டிருந்த மெக்கானிக் கிட்ட, கால்ல அடிச்சிருக்கற தகட்டுல கடைசி நம்பர் என்னப்பான்னேன். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துட்டு, தகடே இல்லக்கா, ரெண்டு ஓட்டைதான் இருக்குன்னான். மாடிக்கு வந்தா சிரிப்பு மாமா என் மேஜைப் பக்கத்துல நிக்கறார். உன் பிறந்தநாளுக்கெல்லாம் பலூன் ஊதித் தந்தாரே அவரேதான், இப்போ தரக் கட்டுப்பாட்டுக்கே தலைவர். அக்கா, இதெல்லாம் பழைய குப்பை, கிளறிக்கிட்டு உக்காந்தா கண்ணுதான் கெடும், கையெழுத்தைப் போட்டு அனுப்பிடுங்கன்னு சிரிச்சார். இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் கூட என் கண்ணைப் பத்திக் கவலைப்பட்டுக் கேட்டதில்லை அவர்.

அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஒன்பது நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு உன் கிட்ட ஒப்புக்கறேன். விமானம் பறக்காம ஹேங்கர்லதானே நிக்குதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நிஜம் என்னன்னா அப்பாவைக் காட்டிக் குடுக்கற தைரியம் எனக்கு இல்லை. சாப்பிடும்போது சும்மா கேக்கற மாதிரி, உங்க முத்திரையை எப்பவாவது யார் கிட்டயாவது குடுத்திருக்கீங்களான்னு கேட்டேன். கையை உதறிட்டு எழுந்துட்டார். எந்த விமானம்னு கேட்டார், சொன்னேன். அதுக்கப்புறம் மூணு நாள் தட்டை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் உக்காந்து சாப்பிட்டார். நாலாம் நாள்லேர்ந்து காலையில வாக்கிங் போறேன்னு கிளம்ப ஆரம்பிச்சார். முட்டி வலின்னு மாடிப்படி ஏறாதவர் ரெண்டு மணி நேரம் வாக்கிங்காம். திரும்பி வந்ததும் ஷூவை எடுத்துப் பார்த்தேன், அடியில ஒரு துளி மண் இல்லை. சட்டைப் பையில பஸ் டிக்கெட். சிரிப்பு மாமா வீட்டுக்குத்தான் போறார், ரெண்டு பேரும் சேர்ந்து பூசி மெழுகப் போறாங்கன்னு முடிவே கட்டிட்டேன். கூட வாழ்ந்த மனுஷனைப் பத்தி அப்படி நினைக்கறது எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா, நினைக்காமயும் இருக்க முடியல.

ஒன்பதாம் நாள் லீவு போட்டுட்டு அவர் பின்னாடியே போனேன். அவர் பஸ்ல முன் வாசல்ல ஏறினார், நான் பின் வாசல்ல ஏறி, ஒரு தடித்த ஆளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். இந்த வயசுல என் கோலத்தைப் பார்த்திருந்தா நீ விழுந்து விழுந்து சிரிச்சிருப்பே. அவர் இறங்கினது சிரிப்பு மாமா தெருவுல இல்லை. எங்க ஹேங்கரோட பழைய ஸ்டோர் கீப்பர் வீட்டு வாசல்ல. அந்த மனுஷனுக்கு இப்போ ஒரு பக்கம் கை கால் வராது, ஜன்னல் ஓரம் நாற்காலியிலேயே இருக்கார். வேலையில இருந்தப்போ என்னென்ன சாமான் யாருக்குக் குடுத்தோம்னு தனக்குன்னு ஒரு டைரியில எழுதி வச்சுக்கற பழக்கம் அவருக்கு, அதெல்லாம் பரண் மேல கிடந்திருக்கு. அப்பா தினமும் போய் அதுல ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். நான் கேட் கிட்ட நிக்கறதை அப்பா பார்த்துட்டார். திட்டுவார்னு நினைச்சேன். உள்ள வா, நீயும் பாருன்னார். மடியில டைரி திறந்திருந்துச்சு. அந்தத் தேதியில, உடைச்சுப் போட்ட குட்டையோட இடது கால், மூணுல முடியற நம்பர், வாங்கிக்கிட்டவர் சிரிப்பு மாமா. ஸ்டோர் கீப்பர் வாய் குழறக் குழறச் சொன்னார், இது நெட்டைக்கு ஆகாதேன்னு நான் கேட்டேம்மா, தற்காலிகமா வைக்கத்தான், நாளைக்கு மாத்திடுவோம்னு சொன்னார்னு.

அப்பா என் முகத்தைப் பார்க்காமச் சொன்னார். அன்னைக்கு மத்தியானம் நான் ஹேங்கர்லயே இல்லை, முத்திரையை டிராயர்ல வச்சு சாவியை அவன் கிட்ட, அதான் சிரிப்பு மாமா கிட்ட, குடுத்துட்டுப் போனேன், சின்ன வேலைங்க வந்தா போட்டுக்கோன்னு சொன்னதும் நான்தான்னார். எங்கே போனீங்கன்னு கேட்டேன். அவர் பதில் சொல்றதுக்குள்ள எனக்கே தேதி ஞாபகம் வந்துடுச்சு. உனக்குப் பைலட் பள்ளிக்கூடத்துல கண் பரிசோதனை வச்ச நாள். நீ பயந்துக்கிட்டு அப்பா கூட வந்தாத்தான் உள்ளே போவேன்னு அடம் பிடிச்சியே, அன்னைக்கு. இதை உன் கிட்ட மறைக்கணும்னுதான் அப்பா சொன்னார். மறைச்சு மறைச்சுத்தான் இத்தனையும் வந்துச்சுன்னு நான் எழுதறேன். ஆனா நீ இதைத் தலையில தூக்கி வச்சுக்காதே. பொண்ணு கூடப் போனது தப்பே இல்லை, சாவியைக் குடுத்ததுதான் தப்பு, அதை அவரே தெளிவாச் சொல்லிட்டார்.

மறுநாள் காலையில அப்பா பழைய நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டார், வயித்துப் பட்டன் போட வரல, மேல ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டார். ரெண்டு பேரும் சிரிப்பு மாமா ரூமைத் தாண்டி நேரா விமானப் பாதுகாப்பு அதிகாரி ரூமுக்குப் போனோம். அந்த அம்மா உன்னை விட நாலஞ்சு வயசுதான் பெரியவ. அப்பா உக்காராமலேயே சொன்னார், முத்திரை என்னோடது, போட்டது நான் இல்லை, ஆனா என்னோடதுதான்னு. அந்த அம்மா டைரியையும் காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு போனை எடுத்தா. விமானத்தை ஜாக்கில தூக்கி ரெண்டே நாள்ல காலைக் கழட்டினாங்க. அளந்து பார்த்ததுல சுவர் மெலிசு, குட்டையோட காலேதான். சாயம் தடவி விளக்கு அடிச்சப்போ உள்பக்கம் நகம் நீளத்துக்கு ஒரு பச்சைக் கோடு தெரிஞ்சுது. விரிசல். அப்பா அதையே பார்த்துக்கிட்டு நின்னார். அந்தக் கால் மேல எத்தனை ஆயிரம் தடவை இறங்கியிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் முன்னூறு பேர்.

சிரிப்பு மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. சரியான கால் வர பத்து நாள் ஆகும்னாங்க, விமானம் காலையில போயே ஆகணும்னு மேல ஒரே நெருக்கடி, திரும்பி வந்ததும் மாத்திடலாம்னு நினைச்சேன், அது திரும்பி வரவே இல்லை, அதுக்குள்ள வேற கம்பெனிக்குப் போயிடுச்சுன்னாராம். தகட்டைப் பிடுங்கினதைப் பத்திக் கேட்டதும் தண்ணி குடிச்சுட்டு வரேன்னு எழுந்துட்டாராம். அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சு விசாரிக்கறாங்க. அவர் சம்சாரம் என் போனை எடுக்கறதில்லை, நானும் என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் அடிக்கறேன். அப்பா பேரும் அறிக்கையில வரும். நாப்பத்தோராம் நம்பர் முத்திரை விழுந்த பழைய வேலையெல்லாம் இப்போ திருப்பிப் பார்க்கறாங்க, நாலு விமானம் வேற வேற ஊர்ல நிக்குது. அப்பாவே கூட உக்காந்து இது நான் போட்டது, இது நான் போட்டதில்லைன்னு பிரிச்சுக் குடுக்கறார். சில காகிதத்தைப் பார்த்துட்டு எனக்கே தெரியலையேங்கறார், அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது பார்க்க முடியல.

உன் விமானத்துக்கு ரெண்டு பக்கமும் புதுக் கால் மாட்டினப்புறம்தான் அனுப்புவாங்க. காகிதத்துல இந்தத் தடவை நான்தான் பக்கம் பக்கமாப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அது வந்து சேர்ந்ததும் டார்ச் எடுத்துக்கிட்டு நீயே சக்கர அறைக்குள்ள குனிஞ்சு தகட்டைப் படி, எட்டுல முடியுதான்னு பாரு, அம்மா கையெழுத்து இருக்கேன்னு விட்டுடாதே. உன் கேப்டன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அப்பா உனக்குன்னு மூணு தடவை எழுத ஆரம்பிச்சுக் கிழிச்சுப் போட்டுட்டார். நீயே ஒரு நாள் கூப்பிடு, ஆனா பரவாயில்லைப்பான்னு ஆறுதல் மட்டும் சொல்லிடாதே, அது அவருக்குத் தாங்காது. நெட்டையை மூக்கைத் தூக்கும்போது வால் உரசாம எப்படிப் பார்த்துக்கறதுன்னு கேளு. உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் கேளு. அவர் பேச ஆரம்பிச்சுடுவார்.

எங்கே இறங்கினாலும் கால் உறுதியா ஊன்றி நல்லபடியா இரு கண்ணு. மாத்திரை பேரை மறக்காம எழுது.

இப்படிக்கு,
உன்னை நம்பற, உன் இருமலை நம்பாத
அம்மா