வாசலில் நின்ற பியசேன

கலஹா,
12.08.2006

அன்பு மருமகள் சத்தியபாமாவுக்கு முத்துலிங்கம் மாமா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். லண்டன் குளிரில் உன் மூட்டு வீக்கம் எப்படி?

நான் அப்போதே சொன்னேன். உனக்கு வந்தது வெளிக்கிருமி இல்லை, உள்வீட்டுக் கலவரம் என்று உன் கடிதம் வருமுன்னே சொன்னேன். அத்தையைக் கேட்டுப் பார். இரத்தத்தில் உள்ள காவல் அணுக்கள் சொந்த உடம்பையே அடிக்கின்றன, அவற்றைத் தடுக்கும் 'டி' அணுக்கள் உன்னிடம் போதவில்லை என்று நீ எழுதியதைக் கண்டி டாக்டருக்கு நானே விளக்கினேன். மனிதர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்! என் சிங்களத்தைக் கேட்டு, ஊர் தெற்கே சிங்களவர் வாழும் மாத்தறையா என்றும் கேட்டார்.

அவர் சொன்னார்: நெஞ்செலும்புக்குப் பின்னால் அந்த அணுக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். சொந்த உடம்பின்மேல் பாயக்கூடியவற்றை அங்கேயே முடித்துவிடுவார்களாம். சிலதை மட்டும் காவலுக்கு வைத்துக்கொள்வார்களாம். சொந்தத்தை அடையாளம் தெரிந்த அவைதான், மற்றவை பாயும்போது குறுக்கே நின்று அடக்குமாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரே தடவையில் விளங்கிற்று.

உனக்கும் விளங்கியிருக்கிறது. அதனால்தான் பியசேனவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளை எரிக்க வந்த கும்பலின் முன்னால், அடுத்த தெருப் பியசேன உங்கள் வாசலில் கையை விரித்து நின்று, "இவங்க நம்ம ஆளுங்க, தொடாதீங்க" என்று சிங்களத்தில் கத்தினார். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளையான நீயும் அம்மாவும் பின்பக்கமாக ஓடினீர்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அவர் குரலைக் கொஞ்சம் கூட்டினேன்.

இப்போது சிகிச்சையைப் பாதியில் விட்டு, அவர் காலில் விழ வருகிறேன் என்கிறாய். டாக்டர்கள் பயணமே கூடாது என்கிறார்களாமே. வேண்டாம், மகளே.

கண்டி பஸ் உங்கள் பழைய வீட்டு வழியாகத்தான் போகிறது. வீடு இல்லை, கேட்டின் இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. நடுவில் ஓர் ஆள் நிற்பதுபோல் இருக்கும். நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

பியசேன என்று ஒருவர் இல்லை. கடைசிவரை கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தது உன் அப்பா. அதனால்தான் நீங்கள் தப்பினீர்கள். நான் வெளியே, அவர்களைப் போலவே சாரம் கட்டிக்கொண்டு, அந்தக் கும்பலுக்குள் நின்றேன். என்னைத் தமிழன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக உன் அப்பா என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

மருந்தை விடாதே. நீ நூறு வயது இருக்க வேண்டும். மனம் ஆறினால் ஒரு வரி எழுது.

முத்துலிங்கம்