மூன்றாவது ஓட்டை

இஞ்சாருங்கோ, வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி மணக்கிறது. குசினிச் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மாவரைக்கும் கிரைண்டரைத் தொட்டதும் கரண்ட் அடித்து, கை தோள்வரை உதறியது. உடனே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். மன்னார்க்காரர். பிளக் பொயின்றைக் கழற்றிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது ஆர் போட்டது?"

"என்ர மனுசன்."

"முன்னால மூண்டு ஓட்டை இருக்கு, பின்னால ரெண்டு வயர்தான் வருது. எர்த் இல்லை. மெசினுக்குள்ள ஏதும் பழுதெண்டால் கரண்ட் தொடுற ஆளுக்குள்ளாலதான் போகும்."

"ட்ரிப் சுவிட்ச் போட்டால் காணாதோ?"

"அது உதவி மட்டும்தான். எர்த் இல்லாத இடத்தில இப்பிடிப் பொயின்ற் போட ஏலாது, சட்டமும் விடாது. புதுசா வயர் இழுக்கவேணும்."

லண்டனில், மிட்சம் பக்கம் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது சுவரெல்லாம் ரெண்டு ஓட்டைப் பொயின்ற்கள். நீங்கள் வெள்ளை வெளேரென்று புதியவற்றை வாங்கி வந்து மாட்டினீர்கள். நான் டோர்ச் பிடித்தேன். "மூண்டு ஓட்டை, மூண்டு பின். பிறகென்ன?" என்று சிரித்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ட கண்ட ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டில் நின்றதே இல்லை. ஊரிலிருந்து வந்து பழைய வீடு வாங்கியவர்கள் எல்லாரும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். "எங்கட சனத்துக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது?" என்பீர்கள். கூலி வாங்கமாட்டீர்கள். புட்டுப் பார்சலோடு வந்து சேருவீர்கள். எந்த வீடு என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

இப்போது கேட்கிறேன். எந்தெந்த வீடு? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்! உங்கள் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. இப்படி விட்டுவிட்டா போவது?

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடிக்கிறேன். ஹவுன்ஸ்லோவில் இருக்கும் உங்கள் கூட்டாளி, "இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லையே" என்று சிரித்தார். கத்திவிட்டேன். வெஸ்ட் ஈலிங்கில் உங்கள் தங்கச்சி அழுதாள். "செத்த மனுசனைக் குறை சொல்லாதையுங்கோ அண்ணி" என்றாள். குறை சொல்லவில்லை, கழற்றிப் பார் என்று கெஞ்சினேன். இன்னும் பார்த்தாளோ தெரியாது.

ட்ராம் ஸ்டொப்புக்குப் பக்கத்து வீட்டில் நீங்கள் வேலை செய்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது. இன்று மத்தியானம் அங்கே போனேன். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். உள்ளே வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தேன். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்தாளாக்கும், கதவைச் சாத்திவிட்டாள்.

திரும்பத் தட்டினேன். கை நோகுமட்டும் தட்டினேன். சங்கிலியைப் போட்டுக்கொண்டு கொஞ்சமாய்த் திறந்தாள். என் கணவர் இந்த வீட்டுப் பிளக் பொயின்ற்களைப் போட்டவர், அவை பிழை, குழந்தையை மெஷினுக்குக் கிட்ட விடாதே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"அவர் வந்து சரிசெய்வாரா?" என்று கேட்டாள்.

"அவர் இல்லை," என்றேன். "நான்தான் இருக்கிறேன்."