போகொட பாலமும் பெரியம்மாவும்

2024 பிப்ரவரி 3, பசறை, இலங்கை

விமானம், ரயில், பஸ், ஆட்டோ. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் பெரியாயி பெரியம்மாவிடம் வந்து சேர்வதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. குன்னூரிலிருந்து நான் வந்ததே போகொட மரப்பாலத்தைப் படமெடுக்கத்தான். எங்கள் போட்டோ கிளப் போட்டிக்குப் பழைய பாலம் வேண்டும். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. பன்னிரண்டாம் தேதி கடைசி.

கிளம்பும்போது அம்மா சொன்னது: "போறது உன் இஷ்டம். அவகிட்ட பேசுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத." எழுபத்தொன்பதில் குடும்பமே இந்தியாவுக்குக் கப்பலேற, அம்மாவின் அக்காவான பெரியம்மா மட்டும் கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டாராம். நாற்பத்தைந்து வருஷக் கோபம். அதன்பிறகு அம்மா அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 5

பாலம் இன்னும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் பாலில்லாத பிளேன்டீ குடித்துவிட்டால் லயத்தில் எல்லா வீட்டிலும் குடித்தாக வேண்டும். "மாரியாயி வீட்ல குடிச்சீங்க, நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்கிறார்கள். இன்றைக்குப் பதினொரு வீடு.

பிப்ரவரி 6

மேல் லயம். ஒன்பது வீடு.

பிப்ரவரி 8

கேமராவோடு வாசலில் நின்றேன். "இன்னைக்கு வேணாம்மா, நாளைக்குப் போவோம்" என்றார் பெரியம்மா. ஏன்? பசறை டவுனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். தனியாகப் போகிறேன் என்றால், "வழி தெரியாத புள்ளைய எப்படி அனுப்புறது?" எனக்கு வயது முப்பத்தெட்டு.

பிப்ரவரி 9

இன்றும் இல்லை. நாளை இரவு கொழும்பு பஸ். வேண்டுமென்றேதான் செய்கிறாரா இந்தப் பெரியம்மா?

பிப்ரவரி 10

ஒருவழியாகப் போனோம். ஓட்டுக்கூரை போட்ட பாலம், கீழே ஓடை, நல்ல வெளிச்சம். ஆனால் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் நடுவில் பெரியம்மா. தள்ளி நில்லுங்கள் என்றால் தள்ளுவார். மறுபடி வந்து நிற்பார். பொறுமை போய்க் கத்திவிட்டேன் — "பாலத்த எடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் பெரியம்மா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒங்கம்மா இந்தப் படத்த பாப்பாள்ல? டெய்லர் நேத்து சாயந்தரந்தான் ஜாக்கெட்ட குடுத்தான். பழசோட அவ கண்ணுல பட வேணாம்னு இருந்தேன்."

அதற்குத்தானா இத்தனை நாள்? முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே. கோபமும் போகவில்லை, அழுகையும் வந்தது. அவரை நிற்க வைத்தே நாற்பது படம் எடுத்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத படம் ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரி 12, குன்னூர்

போட்டிக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. படங்களைப் போனில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாலம் எப்படி என்று கேட்டேன்.

"எந்தப் பாலம்?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மாவின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார். "அக்கா" என்றது வரைதான் கேட்டது, கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரமாகிறது, போன் இன்னும் என் கைக்கு வரவில்லை.