அப்பா இருமிய கதை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம், இந்த வரியை இன்றைக்குத்தான் பொய் கலக்காமல் எழுதுகிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது என்றேனே, அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது. அப்பாவுக்கு நெஞ்சில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. பதறாதே, ஆள் இப்போது வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையெழுத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் பரீட்சை முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவரும் அவர்தான், திட்டுவதென்றால் அவரைத் திட்டு.

மூன்று அடைப்பாம். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, மார்புக்குள் இருக்கிற ஒன்றையும் திருப்பிவிட்டு, அடைப்பைத் தாண்டிப் புதுவழி போட்டிருக்கிறார்கள், அதுவும் இதயத்தை நிறுத்தாமல், துடிக்கத் துடிக்கவே தைத்தார்களாம். கேட்டதும் தையல்காரரான உன் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஓடுற தையல் மெஷின்ல எவனாவது நூல் பாபின் மாத்துவானா என்று. நூல் தலைமுடியைவிட மெல்லிசு என்று நர்ஸ் சொல்லிவைத்தாள், அதோடு போச்சு. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும் என்றால் இவர் இருமவே மாட்டேன் என்கிறார். முப்பது வருஷமாக அடுத்தவன் தைத்ததைப் பிரித்துத் தைத்தே பேர் வாங்கிய மனுஷன், இன்னொருவர் தையலை நம்புவாரா? இருமினால் பிட்டுக்கொள்ளுமாம். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு இரைப்பு. சளி நுரையீரலில் தங்கினால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் ஆபத்துதான் என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. நிஜமாகவே பயந்துபோனேன் கண்ணு.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய் ஒப்பித்தேன். ஆபரேஷன் ரூமில் போடுகிற பச்சைப் பேன்ட்டோடு அப்படியே வந்தார், அந்த ஆஸ்பத்திரிக்கு அதெல்லாம் தைத்துக் கொடுப்பது நம் கடைதானே. இந்தப் பேன்ட் யார் தைச்சது என்று கேட்டார், அப்பா விரலால் தன்னைக் காட்டினார். இதைப் போட்டுக்கிட்டுத்தான் உங்களுக்காக நாலு மணி நேரம் குனிஞ்சு நின்னேன், தையல் பிரிஞ்சிருக்குமோன்னு ஒரு தடவையாவது பின்னாடி தொட்டுப் பாத்தேனா என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரிப்பு இருமலாயிற்று, இருமல் வார்டையே எழுப்பிவிட்டது. தையல் அசையவில்லை. இரண்டே நாளில் காய்ச்சலும் விட்டது. ராத்திரியில் தூங்கவிடாத அவர் இருமலுக்கு இத்தனை வருஷமாக எரிந்து விழுந்தவள் நான், அன்றைக்குக் கதவோரம் நின்று அழுதேன்.

இப்போது காலையும் மாலையும் நடக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம் சட்டையைத் திறந்து காட்டி, வேலை சுத்தம், முடிச்சுதான் கொஞ்சம் பெரிசு என்கிறார். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன், நீ உளறிவிடாதே. நீயும் வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள், அப்பாவிடமிருந்து மூக்கு மட்டுமா வந்திருக்கும்?

நோய்நொடி அண்டாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது எப்படி இருக்கீங்க என்று அவரைக் கேட்காதே, நல்லா இருக்கேன் என்று பொய் சொல்லுவார். ஒரு தடவை இருமச் சொல்லிக் கேள்.

இனி உன்னிடம் எதையும் மறைக்காத,
அம்மா