யாருக்குப் பயப்பட்டேன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. போடியில் நல்ல வெயில், போடிமெட்டு ஏறும்போதே சாரல். ஜீப்பில் வழக்கமான நெருக்கம். என் வீட்டுக்காரர் செல்வராஜ்தான் ஓட்டினார். வளைவில் ஒருத்தி வாந்தி. சேலை நனைந்து பகலெல்லாம் குளிர்.

மழை விட்ட நேரம் பார்த்து ஏலச்செடிக்கு மருந்தடிக்க ஆண்களை இறக்கியிருந்தார்கள். சிலமலை முருகேசனும் அதில். முதுகில் மருந்து டேங்க், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். கையுறை, முகமூடி கேட்டால் "அடுத்த லோடுல வருது" என்பார் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. போன வருஷமும் இதே பதில்.

நான் காய் எடுக்கிற பெண்களுக்குக் கங்காணி. முருகேசன் எங்கள் பக்கம் வந்து நின்றான்.

"அக்கா, டேங்க்கு ஒழுகுது. முதுகு பூராம் நனைஞ்சிருச்சு. எரியுது."

திரும்பிக் காட்டினான். சட்டை முதுகோடு ஒட்டி வெள்ளை வெள்ளையாக. கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த ஒரு சுத்து முடிச்சிட்டு ஏறச் சொல்லும்மா. மழ எறங்கிருச்சுன்னா அடிச்ச மருந்து அம்புட்டும் வீணு."

அதை அப்படியே அவனிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

சாப்பாட்டு நேரத்தில் விழுந்தான். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்பாப்பா குண்டூசித் தலை அளவு. ஜீப்பில் தூக்கிப்போட்டுப் போடிக்கு இறங்கினோம். தலை என் மடியில். முன்சீட்டில் கணக்குப்பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று மட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னவென்று கேட்டார். கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார். "மருந்தக் குடிச்சிட்டான் சார். வீட்ல பொண்டாட்டி கூடச் சண்டை."

வயிற்றைக் கழுவக் குழாய் விட்டார்கள். நான் அங்கேதான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

சட்டையைக் கழற்றியதே வெகுநேரம் கழித்துத்தான். கழற்றிய நர்சு மூக்கைச் சுளித்தபடி, "குடிச்சவருக்கு முதுகுல எப்பிடி மருந்து வந்துச்சு?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

வீட்டில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். ஒன்றும் வரவில்லை.

ஜூலை 9, புதன்

முருகேசன் இறந்துவிட்டான்.

வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவன் ஆட்கள். பெண்சாதி பேச்சியம்மாள் தரையில் கிடந்தாள். மாமியார் அவள் முதுகில் அடித்து அடித்து அழுதாள். "எம் மகன மருந்து குடிக்க வச்சிட்டியேடி, பாவி!"

"நான் சண்டையே போடலத்த. காலையில கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான போனாரு."

முருகேசனுடைய அண்ணன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். நாலு பேர் விலக்கினார்கள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கா, நீங்க கூடத்தான இருந்தீங்க. அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை. நேற்று வாயை மூடியிருந்தேன். இன்று திறந்து பொய்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, துணிசோப்பு, டார்ச்சுக்கு பாட்டரி. ஒன்றும் வாங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்று நிற்கவில்லை. புழுதி. சபையில் உபவாச ஜெபம்.

பாஸ்டர் இன்று பேசியது கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தைப் பற்றி. வேண்டுமென்றே எடுத்தாரா, முன்னமே எடுத்து வைத்திருந்ததா, தெரியவில்லை. பயம் இல்லாத விசுவாசி கதவில்லாத வீடு என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். முன்வரிசையில் ஜெயபால் பிரதர் இரண்டு கையையும் உயர்த்திக் கண்ணீர் விட்டார். தோட்டத்து முதலாளி அவர்தான். சபைக்கு மூப்பரும் அவர்தான். நாங்கள் குடியிருப்பதும் அவர் ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் பின்னால் உள்ள வீட்டில்.

இத்தனை வருஷம் எதைப் பயம் என்று நினைத்தேன். நகை போடவில்லை. சினிமா பார்க்கவில்லை. பூ வைக்கவில்லை. காய்ச்சலோடு கூட ஆராதனைக்கு வந்திருக்கிறேன். எல்லாம் செய்தேன். டாக்டர் கேட்டபோது மட்டும் ஜெயபால் பிரதர் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆண்டவர் முகம் வரவில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு பாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கையில் இருந்த சால்வையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"சிஸ்டர், அந்தக் குடும்பம் இல்லைன்னா இந்தச் சபை இல்ல. நீங்க போலீசு கேசுன்னு போனா எல்லாம் செதறிப் போயிரும். ஜெபம் பண்ணுங்க. ஆண்டவர் பாத்துக்குவார்."

"ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு பாஸ்டர். அதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுபடி சால்வையைப் பிரித்தார், மடித்தார்.

ஜூலை 12, சனி

பிரேதப் பரிசோதனையில் விஷம் என்று வந்திருக்கிறதாம். எப்படிப் போனது என்று சொல்லவில்லையாம். தற்கொலை என்றே ஊரெல்லாம் பேச்சு. கடையில் இரண்டு பேர்: "பொம்பள வாய் சரியில்லைன்னா இப்பிடித்தான்." பேச்சியம்மாளைப் புருஷன் வீட்டில் சேர்க்கவில்லை. சிலமலையிலேயே அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

சாயங்காலம் ஜெயபால் பிரதர் வீட்டுக்கு வந்தார். தனியாக. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நான் பேசியதைப் பாஸ்டர் சொல்லியிருப்பார்.

"ரூபி, ஒன்னயப் பத்தி நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. மனசு கஷ்டம் எனக்கும் இருக்கு. ஆனா போனவன் போயிட்டான். தோட்டத்தப் பூட்டிட்டாங்கன்னா இத்தன குடும்பமும் எங்க போகும்? நீ சொல்றதுனால அவன் எந்திரிச்சு வரப் போறானா?"

"பேச்சியம்மாதான் கொன்னான்னு பேசுறாங்க பிரதர்."

"அந்தப் பிள்ளைக்கு வேண்டியத நான் செய்றேன். அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது."

அப்புறம் அவரே முழங்கால் போட்டார். நாங்களும் போட்டோம். எங்கள் வீட்டை ஆசீர்வதிக்கச் சொல்லி, எனக்கு ஞானத்தைத் தரச் சொல்லி ஜெபித்தார். குரல் நடுங்கியது. நடிப்பு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. இவ்வளவு மனசுருகி ஜெபிக்கிறவர் ஒரு பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு ஆண்டவரை எப்படிக் கூப்பிடுகிறார்? மேலே இருப்பவர் அசைய மாட்டார் என்று நினைக்கிறாரா?

முடித்தார். என் வீட்டுக்காரர் ஆமென் சொன்னார். நான் சொல்லவில்லை. எழுந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறை.

வீட்டில் சண்டை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீ போய்ச் சொன்னேன்னா நான் ஜீப்புச் சாவியக் குடுத்துட்டு நடுத்தெருவுல நிக்கணும். வீட்டையும் காலி பண்ணணும். மகளுக்கு மதுரையில இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"பெறகு?"

"பேச்சியம்மா என்கிட்ட நேராக் கேட்டா. நான் பொய் சொன்னேன். இனிமே நான் எப்பிடி ஜெபம் பண்றது?"

"எல்லாருந்தான் பண்றாக."

ரசம் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் சிரிக்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம்.

மத்தியானம் முழுவதும் தரையில் படுத்திருந்தேன். நரகத்தைப் பற்றிய பயம் இல்லை, அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். சின்ன வயதில் அந்தப் பயம் உண்டு. இது வேறு. முருகேசன் முதுகைத் திருப்பிக் காட்டினானே, அந்த இடத்தில் என் பக்கத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலும் நின்றார். மரத்தடியிலும். அவரைத் தள்ளிவிட்டு நான் பேசியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னமும் சொல்லவில்லை. அந்த மௌனம் தாங்க முடியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வானம் மூடாப்பு. மழை இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்தே. உடனே உள்ளே போகாமல் எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தேன்.

எஸ்.ஐ. சின்ன வயது. முதலில் சரியாகவே கேட்கவில்லை. டேங்க் ஒழுகியதைச் சொன்னதும் நிமிர்ந்தார். அந்த நர்சு சட்டையைப் பையில் போட்டு அனுப்பியிருக்கிறாள். அது அங்கே இருக்கிறது. அவருக்கும் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

"இத டாக்டர்ட்ட அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"பயம் சார்."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இப்பயும் பயந்தான் சார். ஆளு வேற."

புரியாமல் பார்த்தார். எழுதச் சொன்னார். கணக்குப்பிள்ளை சொன்னது, நான் முருகேசனிடம் சொன்னது, இரண்டையும் எழுதினார்கள். என் பங்கை விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விடவில்லை.

வெளியே வந்தபோது நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

ஜூலை 17, வியாழன்

கணக்குப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ஜெயபால் பிரதரையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். மருந்தடிப்பு நின்றுவிட்டது. காய் எடுப்பும் பாதி. என் கீழே வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி நின்று சொன்னாள்: "எங்க வயித்துல அடிச்சிட்டியேக்கா." அவள் சொல்வதும் பொய் இல்லை.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கிட்டங்கி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரரையும் போலீஸ் கூப்பிட்டிருந்தது. போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அவராகச் சொன்னார்.

"சட்ட நனைஞ்சிருந்துச்சுன்னு சொன்னேன். ஜீப்புப் பின் சீட்டுல அந்த வாடை இன்னும் இருக்கு, வந்து மோந்து பாருங்கன்னேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எத்தனை வருஷம் ஓட்டிய வண்டி. கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்கு இரண்டு பேரும் போனோம். நாங்கள் உட்கார்ந்த பாய் வரிசையில் வேறு யாரும் இல்லை. ஜெயபால் பிரதர் இடம் காலி. அவர் மனைவி மட்டும் தலையை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி. அந்த அம்மாளைப் பார்க்கத்தான் முடியவில்லை. எனக்கு மகள் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்.

பாஸ்டர் இன்று சமாதானத்தைப் பற்றிப் பேசினார். என் பக்கம் பார்க்கவே இல்லை. முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர், அன்னைக்கு வெள்ளிக்கெழம பயத்தப் பத்திப் பேசுனனே, அந்தப் பிரசங்கம். எல்லாருக்கும் பேசுனேன், எனக்கு நானே பேசிக்கல." அவ்வளவுதான். யாரோ வர, உள்ளே போய்விட்டார்.

அவர்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீடு: பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் அறை. தண்ணீர் கஷ்டம். மகளிடம் போனில் சொன்னேன். "சரிம்மா" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

சிலமலைக்கு டவுன் பஸ். தூறல், பிறகு சுள்ளென்று வெயில்.

போக வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். ஸ்டேஷனில் சொன்னது போதாது. பொய்யை நான் சொன்னது பேச்சியம்மாளிடம்.

தம்பி வீட்டு வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. மாமியார் நேற்று வந்து கூப்பிட்டாளாம், மாரில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாளாம். "அடிச்ச அடி ஆறட்டும், பெறகு பாக்கலாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க், எரியுது என்று அவன் சொன்னது, கணக்குப்பிள்ளை சொன்னதை நான் கொண்டுபோய்ச் சொன்னது, டாக்டர் முன்னால் ஊமையாக நின்றது, மரத்தடியில் அவளிடம் சொன்ன பொய். அவள் சோளத்தைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கேட்டாள். "அக்கா, டாக்டர்ட்ட அப்பயே சொல்லியிருந்தீங்கன்னா, அவரு பொழச்சிருப்பாரா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் லேசாகியிருக்கும். வாய் வரை வந்தது.

"தெரியல தாயி. பொழச்சிருக்கலாம்."

அவள் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்க நினைத்து வந்திருந்தேன். அதை எந்த வாயால் கேட்பது? வெயிலில் அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்தாள். கையில் தரவில்லை.

"குடிச்சிட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

குனிந்து எடுத்துக் குடித்தேன்.